இணையத்தின் இளமைக்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையம் எப்படி வந்தது என்று பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் அடிக்கடி தலைகாட்டும்: இன்று அசைக்க முடியாததாகத் தெரிகிற பலவும் "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று யாரோ செய்து வைத்தவை.

இணையத்தைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

ஒரே பெயர் சொல்ல முடியாது. வினாடி வினாவில் மாட்டிக்கொண்டால் விண்ட் செர்ஃப், பாப் கான் என்று இரண்டு பெயராகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் முறையை வகுத்தவர்கள் அவர்கள். டிம் பெர்னர்ஸ்-லீ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் செய்தது வேறு. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

அணுகுண்டுப் போரிலும் அழியாத தகவல்தொடர்புக்காகத்தானே இதை உருவாக்கினார்கள்?

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தக் கதை சாகமாட்டேன் என்கிறது. இரண்டு பேருடைய கதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் இது.

முதல் ஆள் பால் பேரன். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். அவருடைய கவலை நிஜமாகவே அணுப்போர்தான். அன்றைய தொலைபேசி அமைப்பு சில பெரிய இணைப்பகங்களை நம்பியிருந்தது. அவற்றைத் தகர்த்துவிட்டால் தொலைதூரத் தொடர்பே நின்றுபோகும். அதற்குப் பதிலாக மீன்வலை போல, மையம் என்று ஒன்று இல்லாத அமைப்பு வேண்டும் என்றார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பினால், அறுந்த இழையைச் சுற்றிக்கொண்டு அவை வேறு வழியில் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1964இல் இதைப் பல தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். தொலைபேசிச் சேவையைக் கையில் வைத்திருந்த ஏடி அண்ட் டி நிறுவனம் இது நடக்காது என்று ஒதுக்கியது. பேரனின் வலை கட்டப்படவே இல்லை.

இரண்டாவது ஆள் பாப் டெய்லர். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய அதிர்ச்சியில், மறு ஆண்டே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆர்ப்பா என்ற ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கியது. அதன் கணினிப் பிரிவுக்கு டெய்லர் 1966இல் தலைவரானார். அவருடைய அலுவலகத்தில் மூன்று முனையங்கள், அதாவது தொலைவில் உள்ள கணினியோடு பேசும் கருவிகள், இருந்தன. ஒன்று சாண்டா மோனிகாவில் இருந்த கணினிக்கு, ஒன்று பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடிக்கு. ஒன்றில் பார்த்ததை இன்னொன்றில் உள்ளவரிடம் சொல்ல வேண்டுமானால் எழுந்து நகர்ந்து அடுத்த முனையத்தில் உட்கார்ந்து, வேறு கட்டளைகளில் புதிதாக லாகின் செய்ய வேண்டும். இத்தனை எதற்கு, ஒன்று போதாதா என்பதுதான் அவருக்கு எழுந்த கேள்வி. மேலதிகாரி சார்லஸ் ஹெர்ஸ்ஃபெல்டிடம் போய் 20 நிமிடம் பேசி 10 லட்சம் டாலருடன் திரும்பி வந்ததாக டெய்லர் பிற்காலத்தில் சொல்வார்.

பணம் ராணுவத் துறையின் பணம். அதை மறுக்க வேண்டியதில்லை. பேரனின் ஆய்வும் ஆர்ப்பா கட்டிய ஆர்ப்பாநெட் வலையமைப்பைத் திட்டமிட்டவர்களுக்குப் பின்னர் கைகொடுத்தது. ஆனாலும் வேலையைத் தொடங்கிவைத்தது ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக விலையுயர்ந்த கணினி கேட்ட தொல்லையும், டெய்லரின் மூன்று நாற்காலித் தொல்லையும்தான்.

டெய்லருக்கு முன்னால் யாருக்கும் இந்த யோசனை வரவில்லையா?

வந்தது. ஜே.சி.ஆர். லிக்லைடர் என்ற உளவியலாளர் அதே பிரிவுக்கு முதல் தலைவராக இருந்தார். 1963இல் சக ஆய்வாளர்களுக்கு எழுதிய குறிப்பில் அவர்களை "விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலான கணினி வலையமைப்பின் உறுப்பினர்களே" என்று வேடிக்கையாக விளித்தார். வேடிக்கை பெயரில்தான், உள்ளே இருந்த சிக்கல் மெய்யானது. வெவ்வேறு மொழி பேசும் இயந்திரங்கள் எப்படி ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் என்று அவர் கேட்டதற்குப் பதில் கிடைக்க இருபது ஆண்டுகள் பிடித்தன.

பாக்கெட் பாக்கெட் என்கிறார்களே, அது என்ன?

பழைய தொலைபேசி அழைப்பில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழு இணைப்பு ஒதுக்கப்பட்டுவிடும். பேசினாலும் சும்மா இருந்தாலும் அது அவர்களுக்குத்தான். ஊர்வலம் போகிறது என்று சாலையை மறித்து வைப்பது போல. மனிதப் பேச்சுக்கு அது சரி. கணினி அப்படிப் பேசுவதில்லை. ஒரு நொடி கொட்டித் தீர்த்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்கும். அதற்காகச் சாலையை மறிப்பது வீண்.

ஆகவே செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் போக வேண்டிய முகவரியை எழுதிப் பொதுச்சாலையில் விட்டுவிடலாம். பலருடைய துண்டுகள் ஒரே கம்பியில் கலந்து போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் கோத்துக்கொள்ளலாம். பேரன் அமெரிக்காவில் யோசித்ததை, அவரைப் பற்றித் தெரியாமலே 1965இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் யோசித்தார். 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ்தான். தரவு எப்படி நெரிசல்படும், எவ்வளவு காத்திருக்கும் என்ற கணிதத்தை லெனார்ட் க்ளைன்ராக் எழுதினார். இவர்களில் யார் முதல் என்ற சண்டை அவர்களுடைய முதுமை வரை நீண்டது. அதற்குள் நான் போகப்போவதில்லை.

ஆர்ப்பாநெட்டில் போன முதல் செய்தி என்ன?

'எல்', 'ஓ'. இரண்டே எழுத்து.

1969 அக்டோபர் 29, இரவு 10.30. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், க்ளைன்ராக்கின் ஆய்வகத்தில் சார்லி க்ளைன் என்ற மாணவர் உட்கார்ந்திருந்தார். சுமார் 560 கிலோமீட்டருக்கு வடக்கே ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பில் டுவால். 'லாகின்' (LOGIN) என்று தட்டி அந்தக் கணினிக்குள் நுழைவதுதான் திட்டம். எழுத்துகள் வருகின்றனவா என்று கேட்டுக்கொள்ளத் தொலைபேசியும் காதில் இருந்தது. எல் வந்ததா? வந்தது. ஓ வந்ததா? வந்தது. ஜி தட்டியதும் ஸ்டான்ஃபோர்டு கணினி படுத்துவிட்டது.

காரணம் சுவையானது. ஜி வந்ததும் அந்தக் கணினி தன் வழக்கப்படி, 'லாகின்' என்ற சொல்லின் மிச்சத்தைத் தானே நிரப்பித் திருப்பி அனுப்பப் பார்த்தது. வலையமைப்புக்காக எழுதியிருந்த நிரல், ஒருமுறைக்கு ஓர் எழுத்து என்று எண்ணி இடம் ஒதுக்கியிருந்தது. சேர்ந்தாற்போல மூன்று எழுத்து வந்ததும் கொள்ளவில்லை. டுவால் அதைச் சரிசெய்ய, ஒரு மணி நேரத்தில் லாகின் ஒழுங்காக நடந்தது. க்ளைன்ராக்கின் ஆய்வகப் பதிவேட்டில் அன்றிரவு எழுதிய ஒரு வரிக் குறிப்பு இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது.

அந்த ஆண்டு முடிவதற்குள் சாண்டா பார்பராவும் யூட்டா பல்கலைக்கழகமும் சேர்ந்தன. மொத்தம் நான்கு இடங்கள். இதுதான் ஆர்ப்பாநெட்.

நான்கு இடங்களை இணைக்க அவ்வளவு பாடா? இடையில் என்ன கருவி இருந்தது?

இன்றைய ரூட்டரின் பாட்டனார். ஐஎம்பி (இன்டர்ஃபேஸ் மெசேஜ் ப்ராசசர்) என்று பெயர். ஆர்ப்பாநெட்டைத் திட்டமிட்ட லாரி ராபர்ட்ஸ், பெரிய கணினிகளையே நேராக இணைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். கணினி வைத்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்: எங்கள் இயந்திரத்தின் நேரத்தை ஊராருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அப்போது கணினி வடிவமைப்பாளர் வெஸ்லி கிளார்க் ஒரு வழி சொன்னார். பெரிய கணினிகளைத் தொடாதீர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறிய கணினியை வையுங்கள், வலையமைப்பு வேலையை அது பார்த்துக்கொள்ளும். அந்தச் சிறிய கணினி குளிர்பதனப் பெட்டி அளவில், ஏறத்தாழ 400 கிலோ இருந்தது.

அதைச் செய்யும் ஒப்பந்தம் மாசசூசெட்ஸில் இருந்த பிபிஎன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்த மாநில செனட்டர் எட்வர்ட் கென்னடியின் அலுவலகம் வாழ்த்துத் தந்தி அனுப்பியது. கருவியின் பெயரில் உள்ள 'இன்டர்ஃபேஸ்' என்பதை 'இன்டர்ஃபெயித்' என்று தப்பாக வாசித்து, 'மதங்களுக்கிடையேயான' செய்திக் கருவி செய்யப்போவதற்குப் பாராட்டியிருந்தார்கள்.

ஆர்எஃப்சி என்ற ஆவணங்களுக்கு ஏன் அப்படிப் பெயர்?

கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை எழுதும் வேலை பட்டப்படிப்பு மாணவர்கள் தலையில் விழுந்தது. பெரியவர்கள் யாராவது வந்து "உங்களை யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டுவிடுவார்களோ என்று அவர்களுக்கு உள்ளூர உதறல். ஸ்டீவ் க்ராக்கர் 1969 ஏப்ரலில் முதல் குறிப்பை எழுதினார். உடன் தங்கியிருந்தவர்களின் தூக்கம் கெடாதிருக்கக் குளியலறையில் உட்கார்ந்து எழுதினாராம். அதட்டலாகத் தெரியாத ஒரு பெயர் வேண்டும் என்று 'கருத்துச் சொல்லும்படி வேண்டுகோள்' (ரிக்வெஸ்ட் ஃபார் காமென்ட்ஸ், சுருக்கமாக ஆர்எஃப்சி) என்று வைத்தார். எல்லாம் சில மாதங்களில் முடிந்துவிடும் என்பது அவர் நினைப்பு. நெறிமுறைகள் எனப்படும் இணையத்தின் இந்த விதிகள் இன்றுவரை அந்தப் பெயரிலேயே வருகின்றன. எண்ணிக்கை 9,000ஐத் தாண்டிவிட்டது.

மின்னஞ்சலில் @ எப்படி வந்தது?

1971இல் பிபிஎன் நிறுவனத்தின் ரே டாம்லின்சன் செய்த வேலை. ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்துபவர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு விட்டுச்செல்லும் வசதி ஏற்கெனவே இருந்தது. கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் நிரலும் அவர் கையில் இருந்தது. இரண்டையும் ஒட்டினார். ஆள் பெயருக்கும் கணினிப் பெயருக்கும் நடுவே ஒரு குறி தேவைப்பட்டது. விசைப்பலகையைப் பார்த்தார், யார் பெயரிலும் வராத குறி, பொருளும் பொருந்துகிறது என்று @ஐ எடுத்துக்கொண்டார். யாரும் அவரிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை. அடுத்தடுத்து இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே சோதனை நடந்தது. முதல் மின்னஞ்சலில் என்ன எழுதினோம் என்பது அவருக்கே மறந்துபோய்விட்டது. விசைப்பலகையின் மேல்வரிசை எழுத்துகளாக இருக்கலாம் என்பார்.

மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தில் மட்டும் இந்தக் குறியால் வம்பு. அங்கே @ தட்டினால் அதுவரை தட்டிய வரி முழுவதும் அழியும்.

இரண்டே ஆண்டுகளில் ஆர்ப்பாநெட்டின் போக்குவரத்தில் முக்கால் பங்கு மின்னஞ்சலாக இருந்தது. தொலைவில் உள்ள கணினியைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் இத்தனை செலவு செய்தார்கள். ஆட்களோ ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆர்ப்பாநெட்தானே இன்டர்நெட்?

இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி வரலாறு புரிந்துவிடும்.

ஆர்ப்பாநெட் ஒரு தனி வலையமைப்பு. 1970களின் முற்பாதியில் அதைத் தவிர வானொலி அலைகளில் ஓடும் ஒன்று, செயற்கைக்கோள் வழியே ஐரோப்பாவை எட்டும் ஒன்று என்று மற்றவையும் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் தனி வேகம், தனி அளவு, தனிப் பிழைகள். ஆர்ப்பாவில் சேர்ந்திருந்த பாப் கானும் ஸ்டான்ஃபோர்டில் இருந்த விண்ட் செர்ஃபும் 1973இல் இவற்றை எப்படி இணைப்பது என்று உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றுவது நடக்காத காரியம். எதையும் மாற்றாமல், இரண்டு வலைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு நுழைவாயில் வைத்தார்கள். நுழைவாயிலுக்கு, துண்டுக்குள் இருக்கும் செய்தியைப் பற்றிக் கவலை இல்லை. முகவரியைப் பார்த்து அடுத்த வலைக்குத் தள்ளிவிடும். துண்டு தொலைந்தால் மறுபடி அனுப்புவது இரு முனைகளில் உள்ள கணினிகளின் பொறுப்பு. பிரான்ஸில் லூயி பூசான் கட்டிய சிக்ளாட் வலையமைப்பும் இந்தப் பொறுப்பை முனைகளிடமே விட்டிருந்தது; அதிலிருந்து இவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

1974இல் கட்டுரை வந்தது. 1977 நவம்பர் 22 அன்று பெரிய சோதனை. கலிஃபோர்னிய நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து வானொலி வழியே பாக்கெட்டுகள் கிளம்பின. ஆர்ப்பாநெட்டில் ஏறி, அட்லாண்டிக்கைத் தாண்டி நார்வே, லண்டன் என்று சுற்றி, செயற்கைக்கோள் வழியே திரும்பி, லாஸ் ஏஞ்சலஸை அடைந்தன. வேன் இருந்த இடத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சில மணி நேரப் பயணம். பாக்கெட்டுகள் சுற்றியதோ ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு. இணையம் பிறந்த நாள் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

பலர் எடுப்பது 1983 ஜனவரி 1. ஆர்ப்பாநெட் தன் பழைய நெறிமுறையைக் கைவிட்டு, கானும் செர்ஃபும் வகுத்த டிசிபி/ஐபிக்கு மாறிய நாள் அது. அப்போது இருந்தவை சில நூறு கணினிகள்தான். அதற்கே பலரை நகர்த்த முடியவில்லை. 1982இலேயே பழைய நெறிமுறையை ஒரு நாள் அணைத்துக் காட்டி மிரட்ட வேண்டியிருந்தது. மாறி முடித்தவர்கள் 'டிசிபி/ஐபி மாற்றத்தில் பிழைத்தேன்' என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டார்கள்.

ஐபி முகவரிகள் தீர்ந்துபோயின என்கிறார்களே, ஏன் குறைவாக வைத்தார்கள்?

இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் உரிய எண்தான் ஐபி முகவரி. அதற்கு எத்தனை பிட் (0 அல்லது 1 எழுதும் இடம்) வைப்பது என்று வாதம் முடிவில்லாமல் போனபோது, பொறுப்பில் இருந்த செர்ஃப் 32 என்று முடித்துவிட்டார். 430 கோடி முகவரிகள் கிடைக்கும். ஒரு சோதனைக்கு அது தாராளம் என்பது அவர் எண்ணம். சோதனை முடியவே இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். 2011 பிப்ரவரியில் உலக இருப்பின் கடைசித் தொகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 128 பிட் கொண்ட புதிய முறையான ஐபிவி6 1990களிலேயே தயார். பழையது இன்னும் போகவில்லை.

.காம் எப்போது வந்தது?

அதற்கு முன் இருந்ததைச் சொன்னால்தான் இதன் அருமை தெரியும். கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி வாங்கினால் அவர்களிடம் சொல்லிப் பெயர் போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற எல்லோரும் அந்தக் கோப்பை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் கோப்பு திணறியது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயர்ப் பட்டியலைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். ஆர்எஃப்சி ஆவணங்களின் ஆசிரியர் ஜான் போஸ்டல் அவருக்குத் துணைநின்றார்.

முதலில் பதிவான .காம் பெயர் சிம்பாலிக்ஸ்.காம், 1985 மார்ச் 15. அந்த ஆண்டு முழுவதும் பதிவான .காம் பெயர்கள் ஆறு. 1995 வரை பெயர் பதிய ஒரு காசு கட்ட வேண்டியதில்லை என்பதைக் கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஸ்பேமும் வைரஸும் எப்போது வந்தன?

ஸ்பேம், அதாவது கேட்காமலே வரும் விளம்பர மடல், 1978 மே மாதம். டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் புதிய மாடல்களைப் பார்க்க வரும்படி சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் இடம் கொள்ளாமல் மடலுக்குள்ளேயே வழிந்தன. திட்டு நிறைய விழுந்தது.

1988 நவம்பர் 2 அன்று வந்தது வைரஸ் இல்லை, புழு. தானாகவே கணினிக்குக் கணினி தாவும் நிரல். எழுதியவர் ராபர்ட் மோரிஸ், கார்னெல் பல்கலைக்கழக மாணவர். தன் ஊர் தெரியாதிருக்க எம்ஐடியிலிருந்து அவிழ்த்துவிட்டார். ஏற்கெனவே புழு இருக்கும் கணினியில் மறுபடி நுழையக் கூடாது. ஆனால் கணினியைப் பார்த்துக்கொள்பவர் புழுவிடம் "இருக்கிறது" என்று பொய் சொல்லித் தடுத்துவிட்டால்? அதற்காக ஏழு முறைக்கு ஒருமுறை எப்படியும் தங்கிவிடு என்று எழுதினார். அந்த ஏழுதான் கெடுத்தது. ஒரே கணினியில் புழு மேல் புழுவாகக் குவிந்து இயந்திரங்கள் மூச்சுத் திணறின. அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். பத்தில் ஒன்று பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அவருக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் அபராதமும் கிடைத்தன. பின்னாளில் அவர் அதே எம்ஐடியில் பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்து வேகம் எப்படி?

ஆர்ப்பாநெட்டின் இணைப்புகள் நொடிக்கு 50 கிலோபிட். 1986இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்காகத் தொடங்கிய என்எஸ்எஃப்நெட்டும் 56 கிலோபிட்டில்தான் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு விபத்து. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜ தூரம்தான். அங்கே வேகம் 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கிலோபிட் இல்லை, வெறும் பிட். நெரிசலில் பாக்கெட் தொலைய, தொலைந்ததைக் கணினிகள் மறுபடி அனுப்ப, அதனால் நெரிசல் இன்னும் கூட என்று சுழல். வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து, மெதுவாகத் தொடங்கு, பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறை என்று டிசிபிக்குக் கற்றுக்கொடுத்தார். எந்த அதிகாரியும் கட்டளையிடாமல், ஒவ்வொரு கணினியும் தானாக அடக்கி வாசிக்கிற ஏற்பாடு. புழு அளவுக்கு இது செய்தித்தாளில் வரவில்லை. என்னைக் கேட்டால் 1980களின் பெரிய சம்பவம் இதுதான்.

வலையும் (வேர்ல்டு வைட் வெப்) இணையமும் ஒன்றா?

இணையம் சாலை, வலை அதில் ஓடும் வண்டிகளில் ஒன்று. மின்னஞ்சல் இன்னொன்று.

வலை பிறந்தது ஜெனீவா அருகே செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில். ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடம். ஆள் போனால் அவருக்குத் தெரிந்ததும் போய்விடும். 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ, தகவல்களை இணைப்புகளால் கோத்துவைக்கலாம் என்று ஒரு முன்மொழிவு கொடுத்தார். அவருடைய மேலாளர் மைக் செண்டால் அதன் ஓரத்தில் எழுதியதன் சாரம்: தெளிவாக இல்லை, ஆனாலும் ஆர்வத்தைக் கிளப்புகிறது. நேரம் கொடுத்தார், நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தின் கணினி ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் பக்கங்களைக் கொடுக்கும் சர்வர், அவற்றைக் காட்டும் பிரவுசர், முதல் பக்கம் எல்லாம் தயார். இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று அந்தக் கணினியின் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். யாராவது அணைத்திருந்தால் உலகத்தின் வலை மொத்தமும் அணைந்திருக்கும். 1991 ஆகஸ்டில் வெளியுலகுக்கு அறிவித்தார்.

அப்போது போட்டி எதுவும் இல்லையா?

கோஃபர் என்ற தகவல் தேடும் முறை இருந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்டது. மெனுவைத் தட்டித் தட்டி உள்ளே போகலாம். கொஞ்ச காலம் வலையைவிட அதற்கே கூட்டம் அதிகம். 1993 தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகம் சில வகைப் பயன்பாட்டுக்கு உரிமக் கட்டணம் கேட்கப்போவதாகச் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன், வலையின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தது. மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் எழுதிய மொசைக் பிரவுசர், எழுத்துக்கு நடுவே படத்தையும் காட்டியபடி அதே ஆண்டு வந்து சேர்ந்தது. கோஃபர் அப்புறம் எழவில்லை.

வணிகத்துக்கு எப்போது திறந்துவிட்டார்கள்?

படிப்படியாக. ஆர்ப்பாநெட்டை 1990இல் மூடினார்கள். என்எஸ்எஃப்நெட்டின் முதுகெலும்பு, அதாவது நடுவில் ஓடிய பிரதான இணைப்பு, வரி செலுத்துவோர் பணத்தில் ஓடியதால் அதில் வியாபாரம் கூடாது என்று விதி இருந்தது. தனியார் இணைப்புகள் வளர்ந்ததும் 1995 ஏப்ரல் 30 அன்று அந்த முதுகெலும்பையும் நிறுத்தினார்கள். அதன் பிறகு இணையத்துக்கு நடுவில் அரசாங்கக் கம்பி என்று ஒன்று இல்லை.

வலை முகவரியில் வரும் இரட்டைச் சாய்கோடு (//) எதற்கு?

எதற்கும் இல்லை. வைத்திருக்கத் தேவையே இல்லை என்று பெர்னர்ஸ்-லீயே 2009இல் ஒப்புக்கொண்டார்.

முதல் வலைப்பக்கத்தை இன்றும் பார்க்க முடியுமா?

ஏறக்குறைய. இன்ஃபோ.செர்ன்.சிஎச் என்ற பழைய முகவரியில் செர்ன் அதை 2013இல் மீட்டு வைத்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, சில இணைப்புகள், ஒரு படம்கூடக் கிடையாது. ஆனால் அங்கே இருப்பது 1992ஆம் ஆண்டுப் பிரதி. அதற்கு முந்தையதைச் செர்ன் எடுத்து வைக்கவில்லை. பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போனார்கள்.